அப்பாவுக்கு ஒரு தோல் பெல்ட்



பெல்ட் செய்வது எப்படி என்று எழுதப் போகிறேன். "கடையில வாங்கிக்கலாமே, இதுக்கு எதுக்கு ஒரு கட்டுரை?" என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்து ரொம்ப மெலிந்துவிட்டார். மறுபடி வேலைக்குப் போகும்போது பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. சந்தையில் வாங்கிய பெல்ட் இரண்டே மாதத்தில் மேலே உரிந்து, உள்ளே அட்டை தெரிந்தது. அது தோலே இல்லை, ரெக்சின். அப்பா சணல் கயிற்றைக் கோர்த்துக் கட்டி, அது தெரியாமல் இருக்கச் சட்டையை வெளியே விட்டுக்கொண்டு போனார். அதைப் பார்த்த அன்று சாயந்திரம்தான் தாத்தாவிடம் கேட்டேன்.

தாத்தா ஆம்பூர் பக்கம் தோல் ஷாப்பில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். செருப்பும் தைப்பார். ஆனால் நான் கேட்டதும், "நீ இதத் தொடாத பாப்பா. இந்த நாத்தம் என்னோட போவட்டும். நீ போய்ப் படி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சரி, நாமே செய்வோம் என்று உட்கார்ந்தேன். அம்மா ஷூ கம்பெனியில் தையல் வேலை. அங்கே கழித்த தோல் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். அதை நனைத்து ஆணியால் அழுத்தி ஒரு பூ போட்டேன். அப்போது அழகாகத்தான் இருந்தது. காலையில் பார்த்தால் பூவைக் காணோம்! திண்ணையில் இருந்த தாத்தா சிரித்துவிட்டார். "அது குரோம் தோலு பாப்பா. அதுல கோலம் நிக்காது" என்றார். பிறகு அவரே எழுந்து போய்ப் பரணில் இருந்து ஒரு கோணி மூட்டையை இறக்கினார். உள்ளே பழுப்பு நிறத்தில், தடியாக ஒரு தோல்.

ஏன் ஒன்றில் நிற்கிறது, ஒன்றில் நிற்கவில்லை? பச்சைத் தோல் அப்படியே விட்டால் அழுகிவிடும். அதனால் சுண்ணாம்பில் ஊறவைத்து முடியை எடுத்து, சதையைச் சீவி, கழுவி, பிறகு பதனிடுகிறார்கள். பதனிடுவதில் இரண்டு வழி முக்கியம். ஒன்று குரோமியம் உப்பு. ஒரு நாளிலேயே வேலை முடியும், தோல் மெத்தென்று இருக்கும், அமுக்கினால் எழும்பிவிடும். ஷூவுக்கு அதுதான் வசதி. இன்னொன்று மரப்பட்டை. அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டார்கள். பிறகு வாட்டில் பட்டை வந்தது. இதற்கு நாள் கணக்கில், தடித் தோல் என்றால் வாரக் கணக்கில் தொட்டியில் ஊற வேண்டும். பட்டையில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் தோலின் நார்களைப் பிடித்துக்கொள்கிறது. இந்தத் தோலை ஈரத்தில் அழுத்தினால் நார்கள் நெருங்கி, காய்ந்த பிறகும் அப்படியே நிற்கும். டீயில் நாக்கு துவர்க்கிறதே, அதே மாதிரிப் பொருள்தான்.

(தோல் ஷாப்பு கழிவு பாலாற்றைக் கெடுத்தது நமக்கெல்லாம் தெரியும். 1996-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொன்னது. பட்டைத் தோல் என்றால் சுத்தம் என்று நான் சொல்ல வரவில்லை. அதிலும் உப்பும் சுண்ணாம்பும் உண்டு.)

பெல்ட்டுக்கு முதுகுப் பக்கத் தோல்தான் வேண்டும். வயிற்றுப் பக்கத் தோல் இழுபடும். அகலம் ஒன்றேகால் அங்குலம், நீளம் 42 அங்குலம் வெட்டினோம். வெட்டியது தாத்தா. கத்தியை என்னிடம் கொடுக்கவில்லை.

பூ வேலைதான் கஷ்டம். தோலைத் தண்ணீரில் நனைத்ததும் கறுத்துவிடும். உடனே ஆரம்பிக்கக் கூடாது. நிறம் கொஞ்சம் வெளுக்க வேண்டும், ஆனால் உள்ளே ஈரம் இருக்க வேண்டும். தாத்தா அதைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். சில்லென்று இருந்தால், "ம், போடு" என்பார். ஈரம் அதிகமானால் கோடு பரவிவிடும். காய்ந்துவிட்டால் பதியாது.

காகிதத்தில் ஆவாரம்பூ வரைந்து, தோல் மேல் வைத்து, தீர்ந்த ரீஃபிலால் கோட்டின் மேல் அழுத்தினேன். பிறகு நாலு அங்குல ஆணிகள். தாத்தா அவற்றின் முனையை அரத்தால் ராவி, ஒன்றை உருண்டையாக, ஒன்றைச் சரிவாக ஆக்கிக் கொடுத்தார். சரிவான முனையை இதழுக்கு வெளியே வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்ட வேண்டும். பூவை நாம் தூக்குவதில்லை. சுற்றி இருப்பதை அமுக்குகிறோம், பூ தானாக மேலே தெரிகிறது. ஒன்பது பூவுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. ஐந்தாவது பூவுக்கு நாலு இதழ்தான். எண்ண மறந்துவிட்டேன்.

இன்னொரு தப்பும் செய்தேன். ஒரு ராத்திரி ஈரத் தோல் மேலேயே ஆணியை வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் ஆணி அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு. தேய்த்தேன், போகவில்லை. அழுகையே வந்துவிட்டது. இரும்பும் டானினும் சேர்ந்தால் கறுப்பாகும் என்று தாத்தா சொன்னார். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து அந்தக் காலத்தில் மை செய்தது இப்படித்தானாம். அன்னபேதி என்பது நம் வேதியியலில் வரும் இரும்பு சல்பேட். அந்தக் கோடு இன்னும் இருக்கிறது.

பக்கிள் மாட்டும் இடத்தை மூன்று அங்குலம் மடித்துத் தைக்க வேண்டும். குத்தூசியால் ஓட்டை போட்டு, மெழுகு தடவிய ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோர்த்து, ஒரே ஓட்டையில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று விட்டு இழுக்க வேண்டும். ஒரு இடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற நூல் பிடித்துக்கொள்ளும். கடைசியில் ஓரத்தை நனைத்து மரக்கட்டையால் தேய்த்து, தேங்காய் எண்ணெய் லேசாகத் தடவினோம்.

பெல்ட்டுக்கு ஐந்து ஓட்டை போடுவதுதான் வழக்கம். நான் ஏழு போடச் சொன்னேன். நுனியில் இருந்து எண்ணினால் ஆறாவது ஓட்டை 30 அங்குலம், அது அப்பாவின் அன்றைய இடுப்பு. இரண்டாவது 34, அது காமாலைக்கு முன்னால் இருந்தது. அப்பா இப்போது ஐந்தாவது ஓட்டையில் போடுகிறார். சட்டையையும் உள்ளே விடுகிறார்.

பள்ளிக்கு அந்தத் தோல் துண்டைக் கொண்டு வந்த அன்று ஒரு பிள்ளை மூக்கைப் பொத்தியது. பெயர் எழுத மாட்டேன். அதனால்தான் இந்தத் தாளின் கீழே நூலில் இரண்டு துண்டு கட்டியிருக்கிறேன். சாம்பல் நிறத்தில் இருப்பது குரோம் தோல், பழுப்பாக இருப்பது பட்டைத் தோல். தொட்டுப் பாருங்கள். பழுப்பை முகர்ந்தும் பாருங்கள், மழையில் நனைந்த மரப்பட்டை வாசம்தான் வரும். யாரும் பிய்த்துக்கொண்டு போகாதீர்கள், தாத்தாவிடம் மிச்சம் இருந்தது அவ்வளவுதான்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி