உஷார்! குட்டி யானை லோடு வண்டியில் பைக் ஏற்றப் போகிறீர்களா?

நில்லுங்கள்! வீடு மாற்றும் அவசரத்தில், "பைக்தானே, தூக்கிப் போட்டு ஒரு கயிறு கட்டினால் போதும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த ஒரு கயிறு உங்கள் வீட்டுப் பிள்ளையின் காலை வாங்கிவிடும்.

ஒரு குடும்பத்தில் நடந்தது இது. பைக்கை மெயின் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, ஹேண்டில்பாரில் கயிறு கட்டினார்கள். "தம்பி, நீ பின்னால ஏறிப் பிடிச்சுக்கோ" என்று கல்லூரியில் படிக்கும் மகனையும் ஏற்றிவிட்டார்கள். பக்கத்து ஊர்தானே என்ற தைரியம். வழியில் மாடு குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக் அடித்தார். பைக் ஸ்டாண்டை விட்டு முன்னால் பாய்ந்து அப்படியே சாய்ந்தது. பையனின் கால் பைக்குக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவில். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். மாதக்கணக்கில் ஊன்றுகோல். அந்த வருடப் பரீட்சையும் போயிற்று. இத்தனைக்கும் டிரைவர் வேகமாகப் போகவே இல்லை!

கையால் பிடித்து நிறுத்த முடியாதா என்று கேட்கிறீர்களா? முடியவே முடியாது. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இன் எடை 195 கிலோ. சடன் பிரேக் போட்டால் அதில் பாதிக்கு மேல், 100 கிலோவுக்கும் அதிகமான விசை, முன்னால் தள்ளும். ஸ்பிளெண்டர் மாதிரி சின்ன வண்டியே 110 கிலோவைத் தாண்டும். எந்தக் கை தாங்கும்?

பின்னால் ஆள் ஏறக் கூடாது. ஒருவர்கூட!

சரக்கு வண்டியின் பின்பக்கம் ஆள் ஏற்றுவது சட்டப்படியும் தப்பு. அடிபட்டால் இன்சூரன்ஸ் இழப்பீட்டுக்கு அலைய வேண்டிவரும்.

இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் வண்டியை நகர விடாதீர்கள்:

• பைக் ஸ்டாண்டை நம்பி நிற்கிறது. மெயின் ஸ்டாண்டு, பிரேக் போட்டதும் தானாக மடங்கும். சைடு ஸ்டாண்டு, குலுக்கலில் வளைந்துபோகும்.

• கயிறு ஒரே பக்கம் இழுக்கிறது. நான்கு மூலைக்கும் கட்டு வேண்டும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு.

• கண்ணாடியிலோ, இண்டிகேட்டரிலோ, பிரேக் லீவரிலோ முடிச்சு இருக்கிறது. முதல் பள்ளத்திலேயே ஒடிந்துவிடும்.

• நைலான் கயிறு சூடான சைலன்சரைத் தொடுகிறது. உருகி அறுந்துவிடும்.

• முன் சக்கரத்துக்கும் கேபின் பக்கத் தடுப்புக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது. பைக் பாய்வதற்கு அந்த இடமே போதும்.

• டேங்க் நிறையப் பெட்ரோல். சாய்ந்தால் மூடி வழியாகக் கசியும். ஒரு பொறி போதும்.

சரி, எப்படித்தான் கட்டுவது? முன் சக்கரத்தைக் கேபின் பக்கத் தடுப்பில் முட்ட வையுங்கள். முதல் கியரில் போடுங்கள். ஸ்டாண்டை மடக்கிவிடுங்கள். சணல் கயிறு வேண்டாம், ராட்செட் பெல்ட் வாங்குங்கள். ஆஸ்பத்திரிச் செலவோடு பார்த்தால் அது ஒரு செலவே இல்லை. முன் பெல்ட் இரண்டையும் ஹேண்டில்பாருக்குக் கீழே, இரண்டு ஃபோர்க்கையும் இணைக்கும் இரும்பில் மாட்டி, முன்னும் பக்கவாட்டிலுமாகச் சாய்வாக இழுங்கள். ஃபோர்க் பாதி இறங்கினால் போதும். முழுக்க அமுக்கினால் ஆயில் சீல் கெட்டுவிடும். பெல்ட் உரசும் இடத்தில் பழைய துணி வையுங்கள். பழைய மாடல் என்றால் பெட்ரோல் டேப்பை மூட மறக்காதீர்கள்.

ஏற்றும்போதும் இறக்கும்போதும் இரட்டை உஷார்!

பலகை மேல் பைக்கை ஓட்டி ஏற்றும் சாகசம் வேண்டவே வேண்டாம். பலகையின் மேல்முனையை வண்டியோடு கட்டுங்கள். இல்லாவிட்டால் பாதியில் நழுவும். பைக்குக்கு நேர் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. இறக்கும்போது முன் பிரேக்கை மட்டும் நம்பினால் சறுக்கும். எடையில் பெரும்பகுதி பின் சக்கரத்தில்தானே இருக்கிறது! இன்ஜினை அணைத்து, கியரில் போட்டு, கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து விட்டு இறக்குங்கள்.

கட்டி முடித்ததும் கிளம்பிவிடாதீர்கள். தெருவிலேயே பத்தடி ஓட்டி பிரேக் போடச் சொல்லுங்கள். பைக் அசைந்தால் அவிழ்த்துக் கட்டுங்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி, நான்கு பெல்ட்டையும் இழுத்துப் பாருங்கள். குலுக்கலில் தளர்ந்திருக்கலாம்.

டிரைவர் நேரமாகிறது என்று முணுமுணுப்பார். லோடுமேன், "இதெல்லாம் தினமும் பண்றதுதான் சார்" என்பார். அவர்கள் சொல்லட்டும். நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள். பைக்கில் கீறல் விழுந்தால் பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம். பிள்ளைக்கு ஒன்று என்றால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?