கண்மாய்க் கரையில் பாடம், கம்ப்யூட்டரில் பதிவு

"பிள்ளைகள் படிப்புக்கு இதில் என்ன செய்யலாம்?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி இது. 2020-ல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது இயற்கைப் பாடமும் திரைக்குள் போய்விட்டது. மீன்கொத்தியைப் படத்தில் பார்த்த பிள்ளை, ஊர்க் கண்மாயில் அதைத் தேடவில்லை. இரண்டையும் சேர்க்க எளிய வழி, பறவைக் கணக்கெடுப்பு.

இதற்கு உதவுவது ஈபேர்ட் என்ற இலவச இணையதளம். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் அமைப்பும் சேர்ந்து 2002-ல் தொடங்கியது. தமிழ்நாட்டில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பின் பதிவுகளும் இதில்தான் சேர்கின்றன.

புதுக்கோட்டை மாவட்டம் வல்லத்திராக்கோட்டையில் பிள்ளைகளுடன் நான் பின்பற்றும் முறை இது:

1. காலையில் நோட்டும் பேனாவும் மட்டும் எடுத்துக்கொண்டு பெரியவர் ஒருவர் துணையுடன் கண்மாய்க் கரைக்குப் போங்கள். ஒரே இடத்தில் 15 நிமிடமாவது நின்று, பார்த்த, குரல் கேட்ட பறவைகளை எண்ணிக்கையோடு எழுதச் சொல்லுங்கள். தொடங்கிய நேரம், முடித்த நேரம் இரண்டும் அவசியம். காக்கை, மைனாதானே என்று விட்டுவிடக் கூடாது. அவை குறைந்தாலும் தெரிய வேண்டுமே!

2. வீட்டுக்கு வந்ததும் ஈபேர்ட் தளத்தில் பெற்றோர் பெயரில் கணக்குத் தொடங்கி, 'சப்மிட்' என்பதைக் கிளிக் செய்யுங்கள். மேப்பில் வீட்டைக் குறிக்காமல் கண்மாயைக் குறியுங்கள். பிறகு தேதி, நேரம், எண்ணிக்கையைக் கொடுங்கள். நெட் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். பார்த்த தேதியைக் கொடுத்து மறுநாளும் பதியலாம்.

3. பெயர் தெரியாத பறவையா? நிறம், அலகு, வால் ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். ஸீனோ-கான்டோ தளத்தில் பறவைக் குரல்களைக் கேட்டு ஒப்பிடலாம். உறுதியாகத் தெரியாததை ஊகித்துப் பதிய வேண்டாம். வழக்கத்துக்கு மாறான பதிவுகளைத் தன்னார்வ வல்லுநர்கள் சரிபார்க்கிறார்கள்.

இத்தனை கவனம் எதற்கு என்று கேட்கலாம். இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2023-ல் வெளியான அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. அதற்கு அடிப்படை, பொதுமக்கள் ஈபேர்டில் பதிந்த குறிப்புகள். நகரங்களிலிருந்து பதிவுகள் குவிகின்றன. நம் கண்மாயைப் பற்றி நாம்தான் எழுத வேண்டும். யாரும் எழுதாவிட்டால், அங்கே ஒரு பறவை வராமல் போனதுகூடக் கணக்கில் தெரியாது.

சில மாதங்கள் பதிந்த பின் பழைய பட்டியல்களைத் திறந்து காட்டுங்கள். மழைக்குப் பின் எவை வந்தன, கண்மாய் வற்றியதும் எவை போயின என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும்.

வரும் ஞாயிற்றுக்கிழமையே முயன்று பாருங்கள். கம்ப்யூட்டரை ஆன் செய்வது மட்டும் கரையிலிருந்து திரும்பிய பிறகு!