புது மோட்டார் சைக்கிளுக்கு முதல் எண்ணெய் மாற்றம்



ஒரு வீட்டு வாசலில் புது மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும் நாள், அந்த வீட்டாருக்கு மறக்க முடியாத நாள். கைப்பிடியில் பூச்சரம் சுற்றுகிறோம். கோயில் வாசலில் நிறுத்தி அர்ச்சனை செய்கிறோம். சக்கரத்தின் அடியில் எலுமிச்சம் பழத்தை வைத்து வண்டியை நகர்த்துகிறோம். மாதந்தோறும் தவணை கட்டப் போகும் வண்டி அல்லவா? வேலைக்குச் செல்ல, பிள்ளையைப் பள்ளியில் விட, சந்தைக்குப் போய்வர, எல்லாவற்றுக்கும் அதைத்தான் நம்பியிருக்கிறோம்.

இவ்வளவும் செய்கிற நாம் ஒன்றை மட்டும் தள்ளிப்போட்டுவிடுகிறோம். வண்டி ஓடத் தொடங்கிய முதல் சில வாரங்களில் அதன் எண்ணெயை மாற்ற வேண்டும் என்பதே அது. "வண்டியும் புதிது, எண்ணெயும் புதிது, அதற்குள் எதற்காக மாற்ற வேண்டும்?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குரிய விடையை இன்று காண்போம்.

1958ஆம் ஆண்டில் ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் சூப்பர் கப் என்னும் சிறிய வண்டியை வெளியிட்டது. 2017ஆம் ஆண்டுக்குள் அந்த வரிசையில் 10 கோடி வண்டிகள் உற்பத்தியாகிவிட்டன. மலேசியாவில் நாம் 'கப்சாய்' என்று அழைக்கும் வண்டிகளெல்லாம் அந்த அமைப்பைப் பின்பற்றியவையே. நான்கு வீச்சு இயந்திரம் கொண்ட இத்தகைய வண்டியையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு பேசுவோம்.

இயந்திரத்தின் உள்ளே சிலிண்டர் என்னும் உருளை இருக்கிறது. அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. பிஸ்டனைச் சுற்றி மெல்லிய வளையங்கள் மாட்டப்பட்டிருக்கின்றன. உருளையின் உட்சுவர் கண்ணாடிபோல வழவழப்பாக இருக்கும் என்று நாம் எண்ணலாம். உண்மையில் தொழிற்சாலையில் அந்தச் சுவரின்மீது மிக நுண்ணிய குறுக்குக் கோடுகளை வேண்டுமென்றே கீறி அனுப்புகிறார்கள். அந்தக் கோடுகளில் எண்ணெய் தங்கி நிற்கும். அவற்றின் கூரிய முனைகளோ வளையங்களோடு உராய்ந்து தேயும். அவ்வாறு தேய்ந்து தேய்ந்தே வளையமும் சுவரும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. கியர்ப் பற்களும் இப்படித்தான் ஒன்றுக்கொன்று இசைந்து கொள்கின்றன.

ஆகவே, கடையிலிருந்து வரும் வண்டியின் இயந்திரம் முழுமையாக முடிந்துவிட்ட ஒன்று அன்று. அதன் கடைசி வேலையை நாம்தான் சாலையில் ஓட்டி முடிக்கிறோம். இதற்கு ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். மணிக்குச் சராசரியாக 40 கிலோமீட்டர் வேகத்தில் 1,000 கிலோமீட்டர் ஓட 25 மணி நேரம் ஆகும். நிமிடத்திற்கு 5,000 சுற்று என்று வைத்துக்கொண்டால், அந்த 25 மணி நேரத்தில் இயந்திரம் 75 இலட்சம் முறை சுற்றிவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஒரு முறை ஏறி இறங்குகிறது. அந்த உராய்வில் உதிரும் உலோகத் தூள் எங்கே போகும்? எண்ணெயில்தான் கலக்கும்.

இப்போது விடை கிடைத்துவிட்டது. முதல் முறை எண்ணெயை மாற்றுவது, எண்ணெய் பழையதாகிவிட்டது என்பதற்காக மட்டும் அன்று. பொருந்தும் வேலையில் உதிர்ந்த தூளை வெளியேற்றவே மாற்றுகிறோம். அரிசி களையும்போது முதல் தண்ணீரைக் கொட்டிவிடுகிறோமே, அதுபோலத்தான்.

இன்னொன்றையும் நாம் கவனிக்க வேண்டும். கியரை மாற்றி ஓட்டும் பெரும்பாலான காரில் இயந்திரத்துக்கு ஓர் எண்ணெய், கியர்ப் பெட்டிக்கு வேறோர் எண்ணெய். கப்சாய் வண்டியில் அப்படியில்லை. இயந்திரம், கிளட்ச், கியர் மூன்றும் ஒரே எண்ணெயில்தான் இயங்குகின்றன. அந்த எண்ணெயும் மிகக் கொஞ்சம். 100 சிசி வண்டியில் எண்ணெய் மாற்றும்போது ஊற்றுவது ஏறத்தாழ 0.7 லிட்டர், 150 சிசி வண்டியில் ஏறத்தாழ 1 லிட்டர். இந்தச் சிறிய அளவுதான் உராய்வைத் தடுக்க வேண்டும். சூட்டைச் சுமந்து செல்ல வேண்டும். அழுக்கையும் தாங்க வேண்டும்.

"வடிகட்டி இருக்கிறதே, அது தூளைப் பிடிக்காதா?" என்று கேட்கலாம். வடிகட்டி எல்லா வண்டியிலும் ஒரே மாதிரி இல்லை. சிலவற்றில் வெறும் கம்பி வலை மட்டுமே உண்டு. அது பெரிய துகள்களைத் தடுக்கும். நுண்ணிய தூளை விட்டுவிடும். சில வண்டிகளில் சுழலும் கிண்ணம் போன்ற ஓர் அமைப்பு தூளை ஓரத்தில் ஒதுக்கி வைக்கும். வேறு சிலவற்றில் மடிப்பு மடிப்பான காகித வடிகட்டி இருக்கிறது. அது நுண்ணிய தூளையும் பிடிக்கும். ஆனால் பிடித்ததைத் தன்னிடமே வைத்துக்கொண்டு அடைபடும். அதனால்தான் காகித வடிகட்டி உள்ள வண்டிக்கு எண்ணெயோடு அதையும் மாற்றச் சொல்கிறார்கள். கம்பி வலையைக் கழுவி மீண்டும் போடலாம். காகித வடிகட்டியைக் கழுவிப் போடக் கூடாது.

முதல் எண்ணெய் மாற்றத்தை எப்போது செய்வது? வண்டியோடு வரும் கையேட்டில் அது அச்சிடப்பட்டிருக்கும். பெரும்பாலும் 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் இருக்கும். அதனோடு, இத்தனை கிலோமீட்டர் அல்லது ஒரு மாதம், எது முந்துகிறதோ அப்போது என்றும் குறிப்பிட்டிருப்பார்கள். 'எது முந்துகிறதோ' என்னும் சொற்களில்தான் பலர் தவறிவிடுகிறார்கள்.

நமக்குத் தெரிந்த ஓர் இளைஞரின் கதையை இங்கே சொல்ல வேண்டும். தோட்டத்திலிருந்து நகரத்துத் தொழிற்சாலைக்குப் போக 35 கிலோமீட்டர்; வர 35 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு 70 கிலோமீட்டர் என்றால், பதினைந்தாம் வேலை நாளிலேயே 1,000 கிலோமீட்டர் தாண்டிவிடும். அவரோ ஒரு மாதம் என்பதை மட்டும் மனத்தில் வைத்திருந்தார். மாதம் முடிந்தபோது வீட்டில் வேறு செலவு வந்தது. அடுத்த சம்பளத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். வண்டியும் நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது! மூன்றாம் மாதத்தில் ஒருநாள், இரவு வேலை முடித்துத் திரும்பும் வழியில் மேட்டில் ஏறும்போது கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது. வண்டி நின்றுவிட்டது.

பட்டறையில் வயது முதிர்ந்த மெக்கானிக் எண்ணெயை வடித்துக் காட்டினார். தார்போலக் கறுத்த எண்ணெய் பாதியளவுகூட வரவில்லை.

"தம்பி, முதல் சர்வீஸ் எங்கே செய்தாய்?" என்று கேட்டார்.

"இன்னும் செய்யவில்லை, அண்ணே. வண்டி நல்லாத்தானே ஓடியது?"

"ஓடும் தம்பி, நிற்கிற வரைக்கும் ஓடும்" என்றார் அவர்.

சிலிண்டரும் பிஸ்டனும் கீறிப் போயிருந்தன. உத்தரவாதம் கேட்டுப் போனால், பராமரிப்புப் புத்தகத்தில் முதல் பக்கமே வெறுமையாக இருந்தது. கைக்காசைப் போட்டுத்தான் பழுது பார்க்க வேண்டியதாயிற்று. வண்டி பட்டறையில் கிடந்த நாள்களுக்கும் தவணை மட்டும் நிற்கவில்லை. எண்ணெய்க்குச் செலவாகியிருக்கக் கூடிய சில பத்து வெள்ளியை மிச்சப்படுத்தப் போய், அவர் இழந்தது அதைப்போலப் பல மடங்கு.

ஆகவே நேயர்களே, வண்டி வாங்கிய அன்றே கையேட்டிலுள்ள கிலோமீட்டர் கணக்கை ஒரு சிறு தாளில் எழுதிச் சாவிக் கொத்து தொங்கும் இடத்தில் ஒட்டி வையுங்கள். எண்ணெயின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மீட்டரைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

உத்தரவாதக் காலத்தில் இந்த முதல் வேலையை வண்டி வாங்கிய கடையிலோ, அந்நிறுவனம் ஏற்றுக்கொண்ட பட்டறையிலோ செய்வதே நல்லது. பராமரிப்புப் புத்தகத்தில் முத்திரையும் தேதியும் கிலோமீட்டரும் பதிவாக வேண்டும். பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். அங்கே சங்கிலியின் தொய்வு, பிரேக், சக்கரத் திருகாணிகள், டயர்க் காற்று ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். புது வண்டியில் சங்கிலி சற்று நீளும். திருகாணிகள் சற்றே தளரலாம். நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்களே என்பதை மறந்துவிடக் கூடாது.

வேலையை நாமே செய்யாவிட்டாலும், அது எப்படிச் செய்யப்பட வேண்டும் என்று தெரிந்திருப்பது நலம். கையில் தாளும் பென்சிலும் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, இயந்திரத்தை மூன்று நான்கு நிமிடம் ஓடவிட்டு நிறுத்த வேண்டும். இளஞ்சூடான எண்ணெய் எளிதாக வடியும். தூளையும் உடன் கொண்டு வரும். கொதிக்கும் சூட்டில் கை வைக்கக் கூடாது.

இரண்டாவது, வண்டியைச் சமதரையில் நேராக நிறுத்த வேண்டும். அடியில் ஒரு பாத்திரத்தை வைத்து, எண்ணெய் வடியும் திருகாணியைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்த பிறகே அதைக் கழற்ற வேண்டும்.

மூன்றாவது, வடிந்த எண்ணெயைப் பார்க்க வேண்டும். வெளிச்சத்தில் வெள்ளிப் பொடி தூவியதுபோல மினுமினுத்தால் அஞ்ச வேண்டாம். முதல் மாற்றத்தில் அது இயல்பு. ஆனால் விரலால் எடுக்கக் கூடிய உலோகத் துண்டு கிடந்தால், உடனே கடைக்காரரிடம் காட்ட வேண்டும்.

நான்காவது, வடிகட்டியை மாற்றும்போது அதன் இரப்பர் வளையத்தையும், திருகாணியின் வாஷரையும் புதிதாகப் போடுவது நல்லது. இயந்திரத்தின் அடிப்பகுதி அலுமினியத்தால் ஆனது. இரும்புத் திருகாணியை முழு பலத்தோடு முறுக்கினால் அதன் மரை போய்விடும். முதலில் கையால் திருகி, பிறகு ஸ்பேனரால் கையேட்டில் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும்.

ஐந்தாவது, அளந்து ஊற்ற வேண்டும். 'கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நல்லதுதானே' என்று எண்ணுவது தவறு. எண்ணெய் குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு. ஊற்றிய பின் இயந்திரத்தைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, அளவுக் குச்சியைத் துடைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு கோடுகளுக்கு நடுவே எண்ணெய் நிற்க வேண்டும். குச்சியைத் திருகிப் பார்ப்பதா, திருகாமல் வைத்துப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். கையேட்டைப் பாருங்கள்.

எந்த எண்ணெய் வாங்குவது என்பதும் முக்கியம். டப்பாவின்மீது 10டபிள்யூ-40 என்பது போன்ற எண் இருக்கும். பின்னால் வரும் 40, இயந்திரம் சூடாக இருக்கும்போது எண்ணெயின் தடிப்பைக் குறிக்கிறது. முன்னால் வரும் 10, குளிரில் அதன் ஓட்டத்தைக் குறிக்கிறது. அதோடு 'ஜாசோ எம்.ஏ.' என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். 1998ஆம் ஆண்டில் ஜப்பானில் மோட்டார் சைக்கிள் எண்ணெய்க்கென வகுக்கப்பட்ட தரம் அது. எண்ணெயில் நனைந்தபடி இயங்கும் கிளட்சுக்கு ஏற்றது என்பது அதன் பொருள். சில கார் எண்ணெய்களில் உராய்வை மிகவும் குறைக்கும் பொருள்களைச் சேர்க்கிறார்கள். அது காருக்கு நல்லது. ஆனால் நம் வண்டியின் கிளட்சைப் பிடிப்பில்லாமல் வழுக்கச் செய்யலாம். வீட்டில் மிஞ்சிய கார் எண்ணெயை வீணாக்குவானேன் என்று ஊற்றிவிடாதீர்கள்.

முதல் 1,000 கிலோமீட்டர்வரை முறுக்கியை முழுவதும் திருகி விரைய வேண்டாம். ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டவும் வேண்டாம். பெரிய கியரில் வண்டி திணறும்படி மேடு ஏறுவதும் கூடாது.

இறுதியாக, வடித்த எண்ணெயை என்ன செய்வது? கரையானுக்காக மரத்தூணில் பூசுவதும், புல்லின்மீது ஊற்றுவதும், கால்வாயில் கொட்டுவதும் நம்மிடையே இருந்துவரும் பழக்கங்கள். கால்வாயில் கொட்டியது ஆற்றுக்குப் போகிறது. மண்ணில் ஊற்றியது கிணற்று நீரைக் கெடுக்கலாம். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு விதிகளின்படி, பயன்படுத்திய மசகெண்ணெய் தனியாகக் கையாளப்பட வேண்டிய கழிவு. அதில் தோலுக்குத் தீங்கு தரும் பொருள்களும், புற்றுநோயை உண்டாக்கக் கூடியவையும் கலந்திருக்கின்றன. ஆதலால் கையுறை அணிந்து வேலை செய்யுங்கள். பிறகு சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவுங்கள். பழைய எண்ணெயை மூடியுள்ள கலனில் ஊற்றிப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். குழந்தைகள் குடிநீர் என்று எடுத்துவிடக் கூடிய போத்தலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள்.

நேயர்களே, அரை மணி நேர வேலைதான் இது. அந்த அரை மணி நேரத்தை உரிய நாளில் கொடுத்துவிட்டால், தவணை முடிந்த பிறகும் அந்த வண்டி பல ஆண்டுகள் நமக்காக உழைக்கும். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ புது வண்டி நின்றால், இன்றே அதன் மீட்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.