சீட்டும் உடம்பும் – 14: எங்கே வேலை? என்ன வேலை?

போன வாரம் ஜெரெஜாக் தீவின் தனிமைப்படுத்தும் நிலையத்தில் நாகப்பட்டினத்துக் கப்பல்காரர்களோடு நின்றோம். படிக்காமல் விட்டவர்கள் பழைய இதழை யாரிடமாவது கடன் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பச் சொல்ல இடமில்லை. அந்தத் தீவின் இன்றைய வாரிசான ஃபோமேமா என்ற வெளிநாட்டுத் தொழிலாளர் மருத்துவச் சோதனையை இந்த வாரம் எடுத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அங்கே போகிற வழியில் இத்தாலியக் கிழவர் ஒருவர் குறுக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். 300 வருடங்களுக்கு முன் செத்தவர், இந்தத் தொடருக்காகவே ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவரை எழுப்பிவிட்டு மேலே போக மனம் வரவில்லை.

முதலில் கிளினிக். பினாங்கில் கொம்தார் கோபுரத்துப் பக்கமிருந்து ஆயர் ஈத்தாம் பக்கமாக ஓடுகிறது டத்தோ கிராமாட் சாலை. அந்த வட்டாரத்தில் அப்பாயின்மென்ட் இல்லாமல் நேரே உள்ளே போகக்கூடிய தனியார் கிளினிக்குகளுக்குக் குறைவில்லை. அரசாங்கத்தின் ஜாலான் பேராக் சுகாதார கிளினிக் பக்கத்திலேயே இருக்கிறது; பினாங்கு பொது மருத்துவமனையும் தூரமில்லை. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட், மருந்தும் அதற்குள். அப்படியிருந்தும் கடைவீட்டுக் கிளினிக்கில் நாற்காலி காலியாக இருப்பதில்லை, காரணம் அங்கே மூன்று விதமான ஆட்கள் ஒரே கதவால் நுழைகிறார்கள். கை வெட்டிக்கொண்டவனும் ராத்திரிக் காய்ச்சல்காரக் குழந்தையும் ஒரு விதம். அவர்களுக்கு அவசரம், கைக்காசைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். எம்.சி. என்ற நோய் விடுப்புச் சான்று வேண்டியவன், வேலையில் சேருமுன் ‘ஃபிட்’ முத்திரை வேண்டியவன் இரண்டாவது, பணம் கம்பெனியுடையது. மூன்றாவது, பர்மிட்டுக்காக ஏஜெண்டோ சூப்பர்வைசரோ கூட்டிக்கொண்டு வந்து வரிசையாக உட்காரவைத்திருக்கும் நேப்பாளி, வங்காளதேசி, மியன்மார்க்காரர்கள். உடம்பு அவர்களுடையது, செலவு முதலாளியுடையது, தேவை குடிநுழைவுத் துறையுடையது. கவுண்டரில் அடையாள அட்டையையோ பாஸ்போர்ட்டையோ நீட்டியதும் எல்லாருக்கும் ஒரே கேள்விதான் வரும்: எங்கே வேலை? கம்பெனி பெயரைச் சொன்னதும், கிளினிக்கோடு ஒப்பந்தமுள்ள கம்பெனிகளின் பேனல் பட்டியலில் விரல் ஓடும். பெயர் இருந்தால் பில் அந்தப் பக்கம் போகும், இல்லையென்றால் கைக்காசு.

இந்தக் கேள்வியைக் குறை சொல்லிப் பயனில்லை, அதைக் கேட்கவைப்பது சட்டம். 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்தில் 60எஃப் என்ற பிரிவை எடுத்துப் பாருங்கள். நோய் விடுப்பு இரண்டு வருடத்துக்குக் குறைவான சர்வீஸுக்கு 14 நாள், ஐந்து வருடம் வரை 18, அதற்கு மேல் 22. மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால் 60 நாள். 2023 ஜனவரியிலிருந்து அது தனிக் கணக்கு. இந்த எண்கள் தொழிலாளிகள் எல்லாருக்கும் மனப்பாடம். எண்களுக்கு முன்னால் வரும் வாசகத்தைத்தான் யாரும் படிப்பதில்லை: முதலாளி நியமித்த மருத்துவர், முதலாளி செலவில் சோதித்துச் சான்று கொடுக்க வேண்டும். அந்த மருத்துவர் நியாயமான நேரத்திலும் தூரத்திலும் கிடைக்காதபோதுதான் வேறு மருத்துவரிடம் போகலாம். 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தகவல் போகாவிட்டால், அனுமதியில்லாமல் வேலைக்கு வராதவன் என்று ஆகிவிடும். ரப்பர் தோட்டத்தில் பெரட்டு என்ற காலை ஆள்கணக்கு நேரத்தில், டிரஸ்ஸர் என்ற தோட்ட மருத்துவ உதவியாளர் நெற்றியைத் தொட்டுப் பார்த்து இவன் சீக்கு, இவன் சோம்பேறி என்று பிரித்த ஏற்பாட்டுக்கும் இதற்கும் உறவு இருக்கிறது. வித்தியாசம் என்னவென்றால், டிரஸ்ஸருக்கு முன்னால் நிற்பவன் கையில் மண்வெட்டி இருந்ததா பால்வாளி இருந்ததா என்று கேட்காமலே தெரியும். டத்தோ கிராமாட்டு டாக்டருக்குத் தெரியாது.

இப்போது கிழவர். பெர்னார்தினோ ராமாட்சினி, 1633-இல் கார்ப்பி என்ற ஊரில் பிறந்தவர், மொடேனா நகரத்து வைத்தியர். அவருடைய வீட்டுக் கழிவுக்குழியை அள்ள ஒரு ஆள் வந்தான். மூச்சுவிடாமல், யாரோ துரத்துவதுபோல அள்ளிக்கொண்டிருந்தான். ஏனப்பா இந்த அவசரம், மெல்லச் செய்தால் களைப்பு குறையுமே என்று வைத்தியர் கேட்டார். அவன் குழியிலிருந்து நிமிர்ந்து பார்த்துச் சொன்ன பதிலின் சாரம் இது: நான்கு மணி நேரத்துக்கு மேல் இதற்குள் இருந்தால் கண் போய்விடும், இருந்து பார்க்காதவருக்கு இது தெரியாது. மேலே ஏறி வந்தவனின் கண்களை ராமாட்சினி பார்த்தார். சிவந்து, மங்கியிருந்தன. வேறு மருந்து உண்டா என்று கேட்டதற்கு, வீட்டுக்குப் போய் இருட்டறையில் கிடப்பதும் வெதுவெதுப்பான நீரில் கண்ணைக் கழுவுவதும்தான் என்றான். அதன் பிறகு ஊரில் பார்வை போய்ப் பிச்சையெடுத்துக்கொண்டிருந்தவர்களைக் கவனித்தார். அவர்களில் இந்தத் தொழில் செய்தவர்கள் இருந்தார்கள்.

அங்கிருந்து கிளம்பியதுதான் 1700-இல் லத்தீனில் வந்த அவருடைய தொழிலாளர் நோய்கள் நூல். குயவர், கண்ணாடி ஊதுபவர், துணி வெளுப்பவர், மருத்துவச்சி என்று நாற்பதுக்கும் மேற்பட்ட தொழில்களைப் பட்டறை பட்டறையாகப் போய்ப் பார்த்து எழுதினார். 1713 பதிப்பில் எழுத்தர்களையும் சேர்த்தார்: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே மாதிரி அசைப்பது, தப்பு வந்துவிடுமோ என்று மனம் இறுகிக் கிடப்பது ஆகிய மூன்றும் அவர்களைக் கெடுக்கின்றன என்றார். வாரத் தொடர் எழுதுகிறவர்கள் இந்த அத்தியாயத்தை மேசைக்கு மேலே ஒட்டிவைத்துக்கொள்ளலாம். நமக்கு வேண்டியது நூலின் முன்னுரையில் இருக்கிறது. ஏழைத் தொழிலாளி வீட்டுக்குப் போகும் வைத்தியர் நின்றபடியே நாடியைப் பிடித்துவிட்டு ஓடக் கூடாது. கிடைத்த முக்காலியில் உட்கார வேண்டும். என்ன செய்கிறது, எதனால், எத்தனை நாளாக, என்ன சாப்பிட்டாய் என்று ஹிப்போகிரட்டீஸ் கேட்கச் சொன்ன கேள்விகளோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: நீ செய்யும் தொழில் என்ன? தொழில் நோய் மருத்துவம் என்ற துறையே இந்த ஒரு கேள்வியின் பிள்ளை. நம் கவுண்டரிலும் வேலையைப் பற்றித்தான் கேட்கிறார்கள், ஆனால் எங்கே என்று. என்ன என்று கேட்பதில்லை. எங்கே என்பது பில்லுக்கு, என்ன என்பது உடம்புக்கு. இந்த வாரம் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் அதற்குச் சாட்சி.

சாட்சி டத்தோ கிராமாட்டிலேயே இருக்கிறது. இன்று பினாங்கு டைம்ஸ் ஸ்குவேர் நிற்கும் இடத்தில் முன்பு நின்றது ஈய உலை. (மலேசியத் தமிழர் பேச்சில் ஈயம் என்றால் வெள்ளீயம்தான், லம்பம் என்ற ஈயச் சுரங்கத்தில் எடுத்தது.) சீன முதலாளிகள் 1907-இல் தொடங்கிய ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் கம்பெனி அது, 1911-இல் பிரிட்டிஷ் கைக்கு மாறியது. வெள்ளீய ஆக்ஸைடு தூசியை வருடக்கணக்கில் சுவாசித்தவர்களுக்கு ஸ்டானோஸிஸ் என்றொரு நிலை வரும். எக்ஸ்ரேயில் பார்த்தால் நெஞ்சு முழுக்க அரிசியைத் தூவியதுபோல அடர்ந்த வெள்ளைப் புள்ளிகள். பார்க்கிறவருக்கு வயிற்றைக் கலக்கும். இரண்டு நுரையீரலிலும் காசநோய் பரவிவிட்டது என்றே தோன்றும். ஆனால் அந்த ஆள் பெரும்பாலும் மூச்சு வாங்காமல், இருமாமல் நடந்துகொண்டிருப்பார். வெள்ளீயத்தின் அணு எண் 50, எலும்பிலுள்ள கால்சியத்தினுடையது 20. எக்ஸ்ரேயை அது அவ்வளவு பலமாக மறிப்பதால் கொஞ்சத் தூசியே பெரிய நிழலாக விழுகிறது. மற்றபடி நுரையீரலுக்கு அது பெரிய கெடுதல் செய்வதில்லை. இங்கிலாந்தின் லிவர்பூல் வட்டாரத்து ஈய உலைத் தொழிலாளர்களை 1950-களில் ஆராய்ந்தவர்கள் இதைப் படங்களோடு எழுதிவைத்தார்கள். அப்படியொரு படத்தை வைத்துக்கொண்டு காசநோயா, புற்றுநோயா, வெறும் தூசியா என்று பிரித்துச் சொல்ல என்ன வேண்டும்? கபம், இரத்தம் எல்லாம் பிறகு. முதலில் வாயைத் திறந்து கேட்க வேண்டும்: என்ன வேலை செய்தாய்? கம்பெனி பெயர் தெரிந்தும் பயனில்லை. அதே கம்பெனியில் உலைவாயில் நின்றவனும் உண்டு, கணக்கு எழுதிய கிராணியும் உண்டு.

உலை போய்விட்டதே, இது பழங்கதை என்பீர்கள். வெள்ளீயம் போகவில்லை, தீவுக்குள்ளேயே இடம் மாறியது. 1972-இல் பாயான் லெப்பாஸில் தொடங்கிய தடையற்ற வர்த்தகப் பகுதியில் மின்னணுப் பலகைகளை ஒட்டவைக்கும் சோல்டரில் பெரும்பங்கு அதுதான். சோல்டரோடு சேர்கிற ஃப்ளக்ஸில் பைன் மரப் பிசினிலிருந்து வரும் ரோசின் இருந்தால், சூடுபட்டதும் கிளம்பும் புகை சிலருக்கு ஆஸ்துமாவைக் கொண்டுவரும். மருத்துவம் நன்கு அறிந்த தொழில் ஆஸ்துமா வகைகளில் அது ஒன்று. இப்போது ஒரு சோல்டரிங் தொழிலாளியைக் கிளினிக்கில் உட்காரவைத்துப் பாருங்கள். இருமல், நெஞ்சு இறுக்கம். கம்பெனி பேனலில் இருக்கிறது. இருமல் மருந்து, இரண்டு நாள் எம்.சி. இரண்டு நாளில் இருமல் தணிகிறது. மருந்து கேட்டது என்று அவளும் நினைக்கிறாள், டாக்டரும் நினைக்கிறார். தணிந்ததற்குக் காரணம் அவள் புகையிலிருந்து இரண்டு நாள் விலகியிருந்ததுதான். வேலைக்குத் திரும்பிய வாரமே இருமல் திரும்பும், மறுபடி எம்.சி. நான்காவது முறை சூப்பர்வைசர் அவளுக்கு ‘எம்.சி. குயின்’ என்று பெயர் வைத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை இருமல் குறைகிறதா என்று ஒருவர் கேட்டிருந்தால், கையிலுள்ள எம்.சி. சீட்டுகளே நோயைக் காட்டிக் கொடுத்திருக்கும். பேனல் கிளினிக் பதிவேட்டில் அந்தச் சீட்டுகளின் தேதி எல்லாம் இருக்கிறது. பில்லுக்காக வைத்திருக்கிறார்கள்.

டாக்டர்கள் தரப்பில் எழக்கூடிய ஆட்சேபம் எனக்குத் தெரியாததல்ல. 2006-ஆம் ஆண்டு விதிகள் தனியார் கிளினிக் ஆலோசனைக் கட்டணத்தை 10 முதல் 35 ரிங்கிட்டுக்குள் கட்டிப்போட்டன. வருடக்கணக்கில் அது அசையவில்லை. 2025 மே மாதம் மருந்து விலையைப் பட்டியலிட்டு மாட்டும்படி உத்தரவு வந்தபோது டாக்டர்கள் புத்ராஜெயாவில் கூடியதன் பின்னால் இந்தப் பழைய கோபமும் இருந்தது. வாசலில் இருபது பேர் காத்திருக்கும்போது முக்காலியில் உட்கார்ந்து தொழில் விசாரிக்க நேரம் ஏது என்றால், கட்டண விஷயத்தில் நான் அவர்கள் கட்சி; நேர விஷயத்தில் இல்லை. இரண்டு சொல் கேள்வியைக் கவுண்டரிலேயே கேட்டு அட்டையில் எழுதிவிடலாம். தொழில் நோய்க்கென்று தனியே பதிவுபெற்ற டாக்டர்கள் இருக்கிறார்களே, அவர்கள் பார்க்கட்டும் என்பது அடுத்த வாதம். அவர்கள் இருப்பது உண்மை. ஆனால் இருமுகிறவள் முதலில் போவது அவர்களிடம் இல்லை, தெருமுனைக் கிளினிக்குக்கு. 1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும் நோயாளிக்குத் தொழில் நோய் என்று நம்பும் எந்த டாக்டரும் துறைத் தலைமைக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. 2004 விதிகள் அதற்கு 7 நாள் கொடுக்கின்றன. தொழிலே தெரியாதவர் எதை நம்பி எதை அறிவிப்பார்?

இதைவிடக் கனமான ஆட்சேபம் தொழிலாளி பக்கத்திலிருந்து வரும். வேலைதான் நோய்க்குக் காரணம் என்று அட்டையில் எழுதிவிட்டால் வேலை போய்விடாதா? அதிலும் வெளிநாட்டுத் தொழிலாளியின் பர்மிட் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. அந்தப் பயம் நியாயமானது, அதைப் பேச்சால் துடைக்க முடியாது. ஆனால் எழுதாமல் விட்டாலும் நஷ்டம் அவருக்குத்தான். 2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் வேலை விபத்துத் திட்டத்துக்குள் வந்துவிட்டார்கள்; தொழில் நோய்க்கும் அதில் இழப்பீடு உண்டு. விபத்து என்றால் நசுங்கிய விரலே சாட்சி. நுரையீரலுக்குச் சாட்சி முதல் இருமலின்போது கிளினிக் அட்டையில் எழுதியதுதான். அங்கே ‘இருமல், 2 நாள் எம்.சி.’ என்று மட்டும் இருந்தால் ஐந்து வருடம் கழித்து எந்த வாரியத்தின் முன்னால் எதை நீட்டுவது? ‘ஃபிட்’ முத்திரைக்கும் இதே கதிதான். எந்த வேலைக்குத் தகுதி என்று எழுதாத தகுதிச் சான்று, தொகை எழுதாத காசோலை.

ஃபோமேமாவுக்கு இப்போதுதான் வருகிறேன், இடம் முடியப்போகிறது. 1997-இல் தொடங்கிய ஏற்பாடு. நாட்டுக்குள் வந்த ஒரு மாதத்துக்குள் இரத்தம், சிறுநீர், நெஞ்சு எக்ஸ்ரே. காசநோய், தொழுநோய், எச்.ஐ.வி., ஹெப்பட்டைட்டிஸ் பி, வலிப்பு என்று பட்டியல் நீளும். கர்ப்பமும் அதில் ஒன்று. வீட்டு வேலைக்கு வந்த பெண்ணுக்கும், கட்டடத்தில் சிமெண்டு சுமப்பவனுக்கும், தொழிற்சாலையில் ஈயம் ஒட்டுபவளுக்கும் அதே பட்டியல்தான். தொற்றுநோயை வாசலில் தடுக்க எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு, அதை நான் மறுக்கவில்லை. இந்த உடம்பால் நாட்டுக்கு ஆபத்தா என்று கேட்கிற சோதனை, இந்த வேலையால் இந்த உடம்புக்கு ஆபத்தா என்று ஓரிடத்திலும் கேட்பதில்லை என்பதுதான் என் வழக்கு. அந்த எக்ஸ்ரே எங்கே போகிறது, யார் படிக்கிறார், தகுதியில்லை என்று வந்தால் அந்த ஆள் ஆஸ்பத்திரிக்குப் போகிறாரா விமான நிலையத்துக்குப் போகிறாரா என்பதெல்லாம் அடுத்த வாரம். இந்த முறை கட்டாயம். அதற்குள் கிளினிக் பக்கம் போக நேர்ந்தால் ஒன்று செய்யுங்கள். எங்கே வேலை என்று கேட்பார்கள். கம்பெனி பெயரைச் சொல்லிவிட்டு, அங்கே என்ன வேலை, எத்தனை வருடமாக என்பதையும் கேட்காமலே சொல்லுங்கள். அட்டையில் எழுதிக்கொள்ளும்படி டாக்டரிடம் கேளுங்கள்.