மலையேறிய இரும்பு – 9: டிரைவரை முன்னால் உட்கார வைத்த ரயில்வே

ஒரே பாய்லர், அதன் அடியில் இரண்டு சக்கரத் தொகுதிகள், இரண்டுக்கும் நடுவே ஒரு மூட்டு. சுவிஸ் பொறியாளர் அனத்தோல் மாலே 1884-ல் காப்புரிமை வாங்கிய இந்த ஏற்பாட்டைப் போன வாரம் பார்த்தோம். வளைவு வந்தால் ஒரு தொகுதி தனியே திரும்பிக்கொள்ளும். அதனால் நீளமான என்ஜினையும் வளைந்த பாதையில் ஓட்டலாம். 1904-ல் பால்டிமோர் அண்ட் ஓஹையோ ரயில்வே இப்படி ஒன்றை வாங்கியது. தொழிலாளர்கள் அதற்கு 'ஓல்ட் மாட்' என்று பெயர் வைத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் மலை ஏறவேண்டிய அமெரிக்க ரயில்வேக்கள் வரிசையாக மூட்டு என்ஜின்களை வாங்கத் தொடங்கின. அவற்றில் சதர்ன் பசிபிக் மட்டும் அந்த என்ஜினைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டது. எனக்குத் தெரிந்த நீராவி என்ஜின் கதைகளில், பட்டறையில் பிறந்த யோசனையாக இல்லாமல் டிரைவரின் மூச்சுத் திணறலில் பிறந்தது இது ஒன்றுதான்.

கதை நடக்கும் இடம் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலை. சாக்ரமென்டோவுக்குப் பக்கத்தில் இருக்கும் ரோஸ்வில் யார்டு கடல் மட்டத்திலிருந்து 200 அடி உயரம்கூட இல்லை. அங்கிருந்து 90 மைலுக்குள் பாதை ஏறக்குறைய 7,000 அடிக்கு ஏறியாக வேண்டும். உச்சியில் இருப்பது டோனர் கணவாய். 1846 குளிர்காலத்தில் அங்கே பனியில் மாட்டிக்கொண்ட குடியேறிகளின் பெயர்தான் கணவாய்க்கும் நின்றுவிட்டது. அந்தக் கூட்டத்தில் ஏறத்தாழ பாதிப் பேர் மலையிறங்கவே இல்லை. இருபது ஆண்டு கழித்து சென்ட்ரல் பசிபிக் ரயில்வே அதே கணவாய் வழியே பாதை போட்டது. ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்கள் குளிர்காலத்திலும் வேலையை நிறுத்தாமல் கருங்கல்லைக் குடைந்தார்கள். உச்சியில் அவர்கள் வெட்டிய சுரங்கம் மட்டும் 1,659 அடி நீளம்.

பாதை போட்டாயிற்று. ஆனால் ஒரு குளிர்காலத்தில் 30 அடிக்கு மேல் பனி கொட்டும் ஊரில் அதைத் திறந்து வைப்பது எப்படி? மரத்தால் கூரை போட்டார்கள். 1860-களின் முடிவில் தொடங்கிக் கட்டிய பனிக்கொட்டகைகள் ஏறக்குறைய 40 மைல் நீளத்துக்குத் தண்டவாளத்தை மூடி நின்றன. ரயில் போவது வெளியே தெரியாது. பயணிகளுக்கும் மலை தெரியாது. காய்ந்த மரக்கூரைக்குக் கீழே தீப்பொறி கக்கிக்கொண்டு என்ஜின் போவதால் அடிக்கடி தீப்பிடித்தது. சிஸ்கோ அருகே ஒரு மலையுச்சியில் காவல் வீடு கட்டி, புகை எழுகிறதா என்று பார்த்துச் சொல்ல ஆள் வைத்தார்கள். தண்ணீர்த் தொட்டியோடு தீயணைப்பு ரயில்கள் எந்நேரமும் தயாராக நின்றன.

பின்னாளில் சதர்ன் பசிபிக் வசம் வந்த இந்தப் பாதைக்கு 1909-ல் இரண்டு மாலே என்ஜின்கள் வந்தன. பிலடெல்பியாவின் பால்ட்வின் தொழிற்சாலை கட்டியவை. எண்கள் 4000, 4001. இழுவையில் ஒரு குறையும் இல்லை. முன்பு ஒன்றுக்கு மேற்பட்ட என்ஜின்கள் சேர்ந்து இழுத்த சுமையை இவற்றில் ஒன்றே தனியாக ஏற்றியது. ஆனால் கொட்டகைக்குள்ளும் சுரங்கத்துக்குள்ளும் நுழைந்ததும் நிலைமை மாறியது. புகைபோக்கி முன்னால், டிரைவரும் ஃபயர்மேனும் பின்னால். அவ்வளவு பெரிய பாய்லர் கக்கும் புகையும் வெந்நீராவியும் கூரையில் மோதி நேராக அவர்கள் முகத்துக்கு இறங்கின. ஏற்றத்தில் வண்டி மணிக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் வேகத்தில் ஊர்வதால் சுரங்கம் சீக்கிரம் முடியவும் முடியாது. சமையலறைப் புகைக்கூண்டுக்குள் தலையை விட்டபடி வேலை செய்வதற்குச் சமம் அது. முகமூடி கொடுத்துப் பார்த்தார்கள், போதவில்லை. என்ஜினைத் திருப்பி நிறுத்திப் பின்பக்கமாக ஓட்டினால் புகை ரயிலின் மேலே போய்விடுகிறது, மூச்சு விடமுடிகிறது என்று தெரிந்தது. ஆனால் அப்போது எரிபொருளும் தண்ணீரும் சுமக்கும் டெண்டர்தான் முன்னால் நிற்கும். பாதை கண்ணுக்குத் தெரியாது.

தீர்வு அந்தப் பின்னோட்டத்திலேயே இருந்தது. என்ஜின் திரும்பியபடியே இருக்கட்டும். டெண்டரை மட்டும் புகைபோக்கிப் பக்கம் கொண்டுபோய் மாட்டுவோம். அப்போது டிரைவர் அறை எல்லாவற்றுக்கும் முன்னால் வந்துவிடும். சொல்வதற்கு எளிது. ஃபயர்மேன் நிலக்கரி வாரிப்போடும் என்ஜினில் இதை நினைத்தும் பார்க்க முடியாது. தீயறை ஒரு கோடியில், நிலக்கரி மறுகோடியில் என்றால் யார் சுமப்பது? சதர்ன் பசிபிக்குக் கைகொடுத்தது கலிபோர்னியாவில் மலிவாகக் கிடைத்த கச்சா எண்ணெயின் அடிவண்டல். தார் போலக் கெட்டியான அந்த எரிஎண்ணெயை டெண்டரிலேயே நீராவிக் குழாய் விட்டுச் சூடாக்கி இளக்கினார்கள். தொட்டியைக் காற்றுப்புகாமல் மூடி, உள்ளே சிறிது காற்றழுத்தம் கொடுத்தார்கள். அந்த அழுத்தம் எண்ணெயைப் பாய்லரின் முழு நீளத்தையும் கடக்க வைத்து முன்னால் இருந்த பர்னருக்குத் தள்ளியது.

கலிபோர்னியாவிலேயே இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1901-ல் நார்த் பசிபிக் கோஸ்ட் என்ற குறுகிய பாதை ரயில்வே, சாசலிட்டோவில் இருந்த தன் பட்டறையில் டிரைவர் அறை முன்னால் இருக்கும் சிறிய என்ஜின் ஒன்றைக் கட்டியது. அதுவும் எண்ணெயில் ஓடியதுதான். நெடுங்காலம் அது ஓடவில்லை. ஆனாலும் செய்யமுடியும் என்பதற்கு அது சாட்சியாக நின்றது.

1910-ல் புது மாதிரி என்ஜின்கள் 15 டோனர் பாதைக்கு வந்து சேர்ந்தன. டிரைவர்களின் முதல் எண்ணம் பயம். வழக்கமான என்ஜினில் எதிரே எது வந்தாலும் முதலில் பாய்லர்தான் வாங்கும். இங்கே முதலில் வாங்கப்போவது தாங்கள்தான், முதுகுக்குப் பின்னால் கொதிக்கும் பாய்லர் வேறு. அந்தப் பயத்தில் நியாயம் இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. ஆனால் ஒருமுறை கொட்டகைக்குள் போய்வந்தவர்களுக்கு மற்றது புரிந்தது. நல்ல காற்று வந்தது. நீண்ட பாய்லருக்குப் பக்கவாட்டில் எட்டிப்பார்க்க வேண்டியதில்லை. சிக்னலும் வளைவும் கண்ணெதிரே தெரிந்தன. 4000, 4001 இரண்டையும்கூடப் பின்னர் இதே மாதிரி மாற்றினார்கள்.

புகை இப்போது பின்னால் போனது, சரி. ஆனால் புகைபோக்கியிலிருந்து சீறும் நீராவி கூரை மரங்களைப் பெயர்த்தெடுக்கும் என்பதால், அதை இரண்டாகப் பிரித்துவிடும் தகடு ஒன்றைப் புகைபோக்கியின் மேலே பொருத்தினார்கள். எண்ணெய்க் குழாய் நீளமாகப் போனதால் கசிவும் ஒரு கவலை. என்ஜினின் சக்கரத்துக்கு முன்னே தண்டவாளத்தில் எண்ணெய் சொட்டினால், ஏற்றத்தில் சக்கரம் வழுக்கும்.

பயணி ரயில்களுக்கென்று 1911-ல் 12 என்ஜின்கள் வாங்கினார்கள். வேகம் எடுத்தால் அவற்றின் முகப்பு ஆடியது. டிரைவர் அறைக்குக் கீழே இருந்த இரண்டு சிறு சக்கரங்களை நான்காக்கிய பிறகே அவை அடங்கின. இந்தப் பாடத்தைக் கம்பெனி மறக்கவில்லை.

பெரிய குறை வேறொன்று. மாலேயின் மூல யோசனைப்படி, ஒரு தொகுதியின் சிலிண்டர்களில் வேலை செய்து முடித்த நீராவி, இன்னும் பெரிய சிலிண்டர்களுக்குப் போய் அடுத்த தொகுதியையும் ஓட்டும். நம் மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைப்பாதையின் எக்ஸ் வகை என்ஜின்களில் சாதாரணச் சக்கரத்தை ஓட்டிய நீராவியே மேலே போய்ப் பல்சக்கரத்தையும் சுழற்றுவது இதே தத்துவம்தான். எரிபொருள் மிச்சமாகும். ஆனால் வேகம் கூடினால் அந்தப் பெரிய சிலிண்டர்களில் நீராவி போய்வர நேரம் போதாமல் என்ஜினே தன்னைத் தடுத்துக்கொள்ளும். 1920-களின் இறுதியில் சதர்ன் பசிபிக் தன் பழைய என்ஜின்களைப் படிப்படியாக மாற்றியது. நான்கு சிலிண்டர்களுக்கும் பாய்லரிலிருந்து நேராகவே நீராவி போயிற்று. 1928-ல் புதிதாக வாங்கிய 4100 வரிசை தொடக்கத்திலிருந்தே அப்படித்தான் வந்தது. முன்னால் நான்கு சிறு சக்கரங்கள், எட்டெட்டாகப் பதினாறு இயக்கச் சக்கரங்கள், பின்னால் இரண்டு. 1925-ல் டோனர் உச்சிக்கு அடியில் திறந்த இரண்டு மைல் சுரங்கத்தில், 41-ம் எண் சுரங்கம் என்பார்கள், இவைதான் சரக்கையும் பயணிகளையும் ஏற்றி இறக்கின. டெஹாசாபி ஏற்றம், ஓரிகான் மலைகள் என்று மற்ற இடங்களுக்கும் போயின.

எல்லாம் எண்ணெயால்தான் நடந்தது என்பதற்கு இந்தக் கம்பெனியே ஓர் அத்தாட்சி தந்திருக்கிறது. 1939-ல் டெக்சாஸின் எல் பாசோவிலிருந்து நியூ மெக்சிகோவின் டுகும்காரி வரை உள்ள பாதைக்கு லைமா தொழிற்சாலையிடம் 12 மூட்டு என்ஜின்கள் வாங்கியது. அங்கே கிடைத்தது நிலக்கரி. அதனால் அந்தப் பன்னிரண்டிலும் டிரைவர் அறை வழக்கம்போலப் பின்னாலேயே இருந்தது. மற்ற அமெரிக்க ரயில்வேக்கள் ஏன் இந்த மாதிரியைப் பின்பற்றவில்லை என்று கேட்பவர்களுக்குப் பாதி பதில் அதில் இருக்கிறது. மீதிப் பாதி, வேறு யாருக்கும் 40 மைல் கூரை இல்லை என்பது.

இரண்டாம் உலகப்போரில் பசிபிக் கரைக்கு ஏராளமான தளவாடங்கள் இந்த மலையைத் தாண்டிப் போயின. நீண்ட சரக்கு ரயில்களில் முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று இரண்டு, கடைசிப் பெட்டிக்கு முன்னால் ஒன்று என்று மூன்று நான்கு என்ஜின்களைக் கோத்தார்கள். முதல் டிரைவர் ஊதும் விசில்தான் மற்றவர்களுக்குக் கட்டளை. ரேடியோ இல்லாத காலத்தில், சுரங்கத்துக்குள் இருந்துகொண்டு, முன்னால் போகும் என்ஜினின் வேகத்தை இழுவையின் கனத்தை வைத்தே உணர்ந்து ஈடுகொடுத்த அந்த மனிதர்களின் திறமையைப் பற்றி நாம் போதிய அளவு பேசியதில்லை என்பது என் ஆதங்கம். என்ஜினின் எடையும் நீளமும் புத்தகம் புத்தகமாகக் கிடைக்கின்றன.

எடையையும் சொல்லிவிடுகிறேன். 1944-ல் வந்த கடைசி என்ஜின் 4294. டெண்டரோடு சேர்த்து 10 லட்சம் பவுண்டுக்கு மேல், அதாவது 475 டன்னுக்குக் குறையாது. நீளம் 120 அடிக்கு மேல். பாய்லர் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 250 பவுண்டு. 1910-லிருந்து கணக்கிட்டால் டிரைவர் அறை முன்னால் இருந்த மூட்டு என்ஜின்கள் 250-க்கும் மேல் இந்தக் கம்பெனியில் ஓடியிருக்கின்றன. 4100-லிருந்து 4294 வரை மட்டும் 195.

போர் முடிந்து ஏறத்தாழ பத்தாண்டுகளில் டீசல் வந்து அத்தனையையும் ஓரங்கட்டியது. 1950-களின் பிற்பாதியில் அவை பழைய இரும்புக்குப் போயின. 4294-ஐ மட்டும் 1958-ல் சாக்ரமென்டோ நகரத்துக்குக் கொடுத்தார்கள். சில காலம் ரயில் நிலையத்துக்கு வெளியே நின்றது. இன்று அதே ஊரில் கலிபோர்னியா மாநில ரயில்வே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டிரைவர் அறையில் ஏறிப் பார்க்க வாய்த்தவர்கள், இருக்கையிலிருந்து புகைபோக்கி எவ்வளவு தூரம் என்று ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும்.

அடுத்த வாரம் நம் நாட்டுக்கு வருவோம். மூட்டு என்ஜினை இன்னொரு விதமாகக் கட்டிய காரட் முறையும், 1929-ல் மான்செஸ்டரிலிருந்து வங்காள–நாக்பூர் ரயில்வேக்கு வந்த 'என்' (N) வகை என்ஜின்களும்.