பனை உச்சியும் பயமும்

திண்டிவனத்திலிருந்து வானூர்ப் பக்கம் போகிறவர்கள் ஏரிக்கரைகளிலும் வயல் வரப்புகளிலும் நிற்கும் பனைகளைப் பார்க்காமல் போக முடியாது. 1978-ல் தமிழ்நாட்டின் மாநில மரமாக அறிவிக்கப்பட்ட இந்த விருட்சம் 20 மீட்டருக்கு மேலும் உயர்வது. கிளை என்ற பிடிமானம் ஒன்றுமில்லாத அதன் தண்டைத் தழுவிக்கொண்டு, பதநீர்ப் பருவம் முழுவதும் தினந்தோறும் காலையும் மாலையும் ஏறி இறங்குகிற பனையேறிகள், விக்கிரவாண்டி வட்டாரத்து நரசிங்கனூரிலும் விழுப்புரம் மாவட்டத்தின் வேறு கிராமங்களிலும் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயமே கிடையாது என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். புகழ்ச்சியாகத் தோன்றும் அந்தப் பேச்சு, அவர்களுடைய வித்தையையும் சிரமத்தையும் ஒருங்கே மறைத்துவிடுகிறது.

விழுந்துவிடுவோம் என்ற அச்சம் பேச்சு வருவதற்கு முன்பே மனிதனுக்கு வந்துவிடுகிறது. எலினார் கிப்ஸன், ரிச்சர்ட் வாக் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர்கள் 1960-ல் வெளியிட்ட பரிசோதனையில், பள்ளத்தின் மேல் கெட்டிக் கண்ணாடி பரப்பி, தாய்மார் எதிர்ப்புறம் நின்று அழைத்தும், தவழும் குழந்தைகளில் பெரும்பாலானவை அதன்மேல் வர மறுத்துவிட்டன. உயரத்தில் தலைசுற்றுவதற்கோ வேறொரு காரணமும் உண்டு. நிற்கிற சரீரம் எப்போதும் இலேசாக அசைந்துகொண்டே இருக்கிறது. பக்கத்திலுள்ள பொருள்களைக் கொண்டே கண் அவ்வசைவை அறிந்து திருத்துகிறது. உயரத்தில் நின்று தூரத்தையே நோக்கும்போது அந்தத் துணை அற்றுப்போவதால் உடம்பு தள்ளாடுகிறது. பனையேறியின் முகத்துக்கு நேரே, கைக்கெட்டும் தொலைவுக்குள், மரம் எப்போதும் இருக்கிறது. அதிலேயே பார்வையை நிறுத்தி, கால்களைப் பிணைத்த தளையால் தண்டை அழுத்தி, கைகளால் அணைத்து, உந்தி உந்தி மேலேறுகிற அப்பியாசத்தில், பயம் ஒழிந்துபோவதில்லை. ஜாக்கிரதையாக மாறி, கைகால்களில் குடியேறிவிடுகிறது.

ஆனால் உச்சிக்குப் போனபின், கருக்கு மட்டைகளுக்கு நடுவே உடம்பை நிறுத்தி, ஒரு கையை விடுவித்துப் பாளையைச் சீவவேண்டிய கணமும், மழையில் நனைந்த மரம் வழுக்குகிற நாளும் எந்த அப்பியாசத்தையும் தோற்கடிக்கக்கூடியவை. 20 மீட்டரிலிருந்து விழுபவன் இரண்டே வினாடியில், மணிக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர் வேகத்தில் பூமியில் மோதுகிறான். தைரியத்துக்கு அங்கே வேலையில்லை.

சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தைக் கட்டியபோது, 1936-ல் அதன் அடியில் வலை விரித்தார்கள். 19 தொழிலாளர்கள் அதில் விழுந்து பிழைத்தார்கள். உச்சியில் நிற்பவனின் பிராணனைக் காப்பது அவனுடைய மனோதிடத்தின் பொறுப்பு மட்டுமன்று என்பதை அந்த வலை அன்றே காட்டியது. நம் பனையேறிக்கு அப்படி வலை விரிப்பார் இல்லை. மரத்தோடு இடுப்பைப் பிணைக்கும் பாதுகாப்புக் கச்சை, ஏறுவதற்கு ஏந்தான கருவி, விபத்து நேர்ந்தால் குடும்பத்தைத் தாங்கும் நிதி, இவையே அவருக்குரிய வலை. தமிழ்நாடு பனைமரத் தொழிலாளர்கள் நல வாரியம் இருக்கிறது. உங்கள் ஊரில் அதில் பெயரைப் பதியாத பனையேறி ஒருவர் இருப்பாரானால், விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க ஒரு நாளை ஒதுக்குங்கள்.