கைத்தொழில் சங்கமும் கணக்கும்

பாய் முடைவோரும் மண்பாண்டம் வனைவோரும் இலாப நோக்கின்றிச் சங்கம் அமைத்தால், தம் உழைப்பை முதலில் ஒப்படைத்துவிட்டுப் பணத்திற்குக் காத்திருக்கின்றனர். ஆகவே, அச்சங்கம் நம்பிக்கையினால் நடைபெறுவது.

தமிழ்நாட்டில் 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டம், கைவினை, குடிசைத் தொழில் ஆகியவற்றை வளர்க்கும் சங்கங்களுக்கும் பொருந்தும். அதன்படி வரவு செலவுக் கணக்கும் ஐந்தொகையும் ஆண்டுதோறும் பொதுக்குழுவின் முன் வைக்கப்படல் வேண்டும். எனினும், ஆண்டிற்கொரு முறை படிக்கும் கணக்கு மட்டும் ஐயத்தைப் போக்காது.

ஒரு பாய் 500 ரூபாய்க்கு விற்றதெனக் கொள்வோம். கோரைக்கும் சாயத்திற்கும் 150, கூலி 250, வண்டிச் சத்தம் 40 போக, எஞ்சிய 60 ரூபாய் சங்க நிதியில் சேரும். இவ்விவரத்தைப் பலகையில் எழுதி வைக்காவிடில், பாய் முடைந்தவர் தமக்குக் கிடைத்த 250 ரூபாயை மட்டுமே அறிவார். மீதியைப் பற்றி ஐயுற்று, அடுத்த பாயை வியாபாரியிடமே கொடுப்பார். சரக்கு வராத சங்கம் நிலைக்காது.

ஆதலின், ரசீதின்றி வரவும் செலவுச் சீட்டின்றிச் செலவும் கூடா. ரொக்கத்தை ஒருவரும், கணக்கை மற்றொருவரும் பொறுப்பேற்றல் நலம். மாதந்தோறும் உறுப்பினர் முன்னிலையில் கையிருப்பை எண்ணிப் புத்தகத்துடன் ஒப்பிடுதல் வேண்டும். எழுதப் படிக்க அறியாத உறுப்பினருக்கு அக்கணக்கை வாய்விட்டுப் படித்துக் காட்டுவது, பஞ்சாயத்து உறுப்பினர்கள் செய்யத்தக்க எளிய உதவியாகும்.